ஆப்பிரிக்கப் பெண்டிரும் கருப்பை வாய்ப் புற்றுநோயும்

நோய்களுக்கும் வரலாறு உண்டு. அரசர் முடிசூடிய ஆண்டும் போர் நடந்த களமும் பாடநூல்களில் இடம்பெறுகின்றன. போர்க்களத்தில் மடிந்தவரினும் மிகுதியான மக்களை மாய்த்த நோய்களின் வரலாறோ அங்கொன்றும் இங்கொன்றுமாகவே எழுதப்பட்டிருக்கிறது. அந்நோய் பெண்களுக்கு மட்டும் உரியதாய், வெளியே சொல்லக் கூசும் உறுப்பில் தோன்றுவதாய், வறிய நாடுகளில் மிகுவதாய் இருந்துவிட்டால் அதன் வரலாற்றை எழுத முன்வருவார் மிகச் சிலரே. கருப்பை வாய்ப் புற்றுநோய் அத்தகைய நோய்களுள் ஒன்று.

2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 660,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 350,000 பேர் இதனால் உயிர் நீத்தனர். இறந்தவருள் நூற்றுக்கு 94 பேர் குறைந்த வருவாயும் நடுத்தர வருவாயும் உடைய நாடுகளைச் சேர்ந்தோர். ஆப்பிரிக்கக் கண்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், 2020ஆம் ஆண்டில் ஏறத்தாழ 117,000 பெண்கள் இந்நோய்க்கு ஆளாயினர். 76,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உலகில் 100,000 பெண்களுள் ஆண்டுதோறும் சராசரியாக 14 பேரைப் பற்றும் இந்நோய், தென்னாப்பிரிக்காவை ஒட்டியுள்ள எஸ்வாத்தினி என்னும் சிறு நாட்டில் 90க்கும் மேற்பட்டோரைப் பற்றுகிறது. மலாவியிலும் சாம்பியாவிலும் அத்தொகை 70 அளவில் நிற்கிறது.

இது தடுக்க இயலாத நோயாக இருந்தால், விதி என்று கூறி வாளா இருக்கலாம். ஆனால் உண்மை வேறு. புற்றுநோய்கள் பலவற்றுள்ளும் காரணம் தெளிவாகத் தெரிந்தது இது. வருமுன் தடுக்கும் ஊசி உள்ளது இது. வந்தும் வாராத நிலையிலேயே கண்டு நீக்கத்தக்கது இது. அவ்வாறிருந்தும் ஆப்பிரிக்கப் பெண்டிர் இதனால் மாள்வது ஏன்? இவ்வினாவை ஆராயப் புகுவார்க்கு மற்றோர் உண்மையும் புலனாகும். இந்நோயைப் பற்றி உலகம் இன்று பெற்றிருக்கும் அறிவில் ஒரு பெரும் பங்கு ஆப்பிரிக்க மண்ணிலிருந்து வந்ததே. அறிவை ஈந்த மண்ணுக்கு அவ்வறிவின் பயன் கடைசியாகவே போய்ச் சேர்ந்தது.

வெரோனா முதல் நியூயார்க் வரை

இந்நோயின் முதற்குறிப்பைத் தந்தது இத்தாலி நாட்டின் வெரோனா நகரம். ரிகோனி ஸ்டெர்ன் என்னும் மருத்துவர் 1760 முதல் 1839 வரையிலான அந்நகரின் இறப்புப் பதிவுகளை ஆராய்ந்து, 1842இல் ஒரு செய்தியை வெளியிட்டார். கருப்பைப் புற்றுநோய் மணமான பெண்களிடையே மிகுதியாகவும் கன்னிமாடத்துத் துறவியரிடையே அரிதாகவும் காணப்பட்டது என்பதே அச்செய்தி. மண வாழ்வோடு வரும் ஏதோ ஒன்று இந்நோய்க்குக் காரணமாகலாம் என்ற ஐயத்தை இது விதைத்தது. அந்த ஏதோ ஒன்று யாது என அறிய மேலும் 140 ஆண்டுகள் கழிய வேண்டியிருந்தது.

காரணம் தெரியுமுன்பே காக்கும் வழி ஒன்று கிடைத்தது. கிரேக்க நாட்டின் யூபியா தீவில் 1883இல் பிறந்து, 1913இல் அமெரிக்கா சென்ற ஜார்ஜ் பாப்பனிக்கொலாவ், கருப்பை வாயிலிருந்து தாமே உதிரும் உயிரணுக்களைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் கண்டால் புற்றுநோயின் தொடக்கத்தை அறியலாம் என்று 1928இல் அறிவித்தார். அவ்வாண்டில் அதனைப் பெரிதாக மதித்தவர் எவருமிலர். ருமேனிய நாட்டு அவுரேல் பாபேஷ் என்பவரும் அதற்கு முந்தைய ஆண்டே இத்தகைய முறையொன்றைக் கூறியிருந்தார். பாப்பனிக்கொலாவ் சோர்வடையவில்லை. மகப்பேற்று மருத்துவர் ஹெர்பெர்ட் டிராட்டுடன் சேர்ந்து 1943இல் அவர் வெளியிட்ட நூல் மருத்துவ உலகின் கருத்தை மாற்றியது. அவர் பெயரால் அம்முறை இன்றும் ‘பாப் சோதனை’ என்றே வழங்குகிறது.

இச்சோதனையின் ஆற்றல் நோயின் இயல்பில் அடங்கியுள்ளது. கருப்பை வாய்ப் புற்று ஒரே நாளில் வெடிக்கும் எரிமலையன்று. நீறு பூத்த நெருப்பு. உயிரணுக்கள் முதலில் சற்றே திரிபடைகின்றன. அத்திரிபு முற்றிப் புற்றாவதற்கு இயல்பான உடல்வலிமை உடையோரிடத்தில் 15 முதல் 20 ஆண்டுகள் வரை செல்லும். இவ்வளவு நீண்ட கால இடைவெளி வேறு நோய்களில் வாய்ப்பது அரிது. அதற்குள் ஓரிரு முறை சோதித்துத் திரிந்த பகுதியை நீக்கிவிட்டால் நோய் வாராது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம் 1949இலும், பின்லாந்து 1960களிலும் பெண்களை முறையாக அழைத்துச் சோதிக்கத் தொடங்கின. பின்லாந்தில் இந்நோய் காலப்போக்கில் 80 விழுக்காட்டளவு குறைந்தது. செல்வ நாடுகளில் இந்நோய் ஒடுங்கியது இவ்வாறே.

கம்பாலாவின் ஏடுகள்

அதே காலத்தில் ஆப்பிரிக்காவைப் பற்றி ஐரோப்பிய மருத்துவரிடையே ஒரு தவறான எண்ணம் வேரூன்றியிருந்தது. புற்றுநோய் நாகரிக வாழ்வின் விளைவு. ஆப்பிரிக்க மக்களை அது அண்டாது என்பதே அவ்வெண்ணம். 1913இல் கபோன் நாட்டிற் பணியாற்றச் சென்ற ஆல்பர்ட் சுவைட்சர் போன்ற பெருமக்களும் தொடக்கத்தில் அங்குப் புற்றுநோயைக் காணவில்லை என்று வியந்தனர். காணாமைக்குக் காரணம் நோய் இல்லாமையன்று. நோயாளர் மருத்துவமனைக்கு வாராமையும், வந்தவரை எண்ணிக் குறிப்பார் இல்லாமையுமே காரணம்.

இந்த எண்ணத்தைத் தகர்த்தவை உகாண்டாவின் தலைநகரான கம்பாலாவில் இருந்த ஏடுகள். அங்கு மெங்கோ மருத்துவமனையை ஆல்பர்ட் குக் என்னும் மருத்துவர் 1897இல் நிறுவினார். அங்குச் சிகிச்சை பெற்றோர் பற்றிய குறிப்புகள் ஆண்டுதோறும் எழுதிக் காக்கப்பட்டன. நோய்க்குறியியல் பேராசிரியரான ஜே.என்.பி. டேவிஸ் முதலானோர் 1897 முதல் 1956 வரையிலான அக்குறிப்புகளைத் தொகுத்தாய்ந்து 1964இல் வெளியிட்டனர். புற்றுநோய் புதிதாக நுழைந்த நோயன்று, தொடக்கந்தொட்டே அம்மக்களிடையே இருந்து வந்திருக்கிறது என்பது அவ்வாய்வின் முடிபு. அறுபதாண்டுக் காலம் பொறுமையாக எழுதப்பட்ட ஏடுகள், ஒரு கண்டத்தைப் பற்றிய கட்டுக்கதையைப் பொய்யாக்கின.

இதற்கிடையே 1951இல் கம்பாலாவில் புற்றுநோய்ப் பதிவகம் ஒன்று அமைக்கப்பட்டது. ஆப்பிரிக்காவின் மிகப் பழைய பதிவகங்களுள் அதுவும் ஒன்று. நைஜீரியாவின் இபாதான் நகரில் 1960இல் மற்றொன்று எழுந்தது. பெண்களைப் பற்றும் புற்றுகளுள் கருப்பை வாய்ப் புற்றே கம்பாலாவில் முதன்மையானது என்பதை அப்பதிவகம் காட்டியது. 1970களில் உகாண்டாவைச் சூழ்ந்த அரசியற் கொடுமைகளால் பதிவுப் பணி தளர்ந்தது. பின்னர் மீண்டும் உயிர்பெற்றது. கம்பாலாவை உள்ளடக்கிய கியடொண்டோ வட்டாரத்தின் கணக்கை 1960களோடும் 1990களோடும் ஒப்பிட்டபொழுது, இந்நோயின் அளவு ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தது. செல்வ நாடுகளில் இறங்கிக்கொண்டிருந்த அதே கோடு, கம்பாலாவில் ஏறிக்கொண்டிருந்தது.

மூடுபனியில் வந்த துணுக்கு

கம்பாலா உலகுக்கு ஈந்த மற்றொரு கொடையும் ஈண்டுக் கூறத்தக்கது. அங்கு முலாகோ மருத்துவமனையில் பணியாற்றிய அயர்லாந்து நாட்டு அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட், குழந்தைகளின் தாடையில் தோன்றும் ஒரு கொடிய கட்டியைக் குறித்து 1958இல் எழுதினார். 1961இல் இலண்டனில் அவர் ஆற்றிய உரையைக் கேட்ட அந்தோனி எப்ஸ்டைன், அக்கட்டிக்கு வைரஸ் காரணமாகலாம் என்று கருதினார். கட்டியின் துணுக்குகள் கம்பாலாவிலிருந்து இலண்டனுக்கு விமானத்தில் அனுப்பப்பட்டன. ஒரு முறை இலண்டனை மூடுபனி சூழ்ந்தது. விமானம் மான்செஸ்டர் நகருக்குத் திருப்பிவிடப்பட்டது. காலந்தாழ்ந்து வந்த குப்பியில் நீர் கலங்கியிருந்தது. கெட்டுவிட்டதென்று எறிந்துவிடாமல் நோக்கியபொழுது, கலக்கத்திற்குக் காரணம் கட்டியினின்று பிரிந்து உயிரோடு மிதந்த அணுக்கள் எனத் தெரிந்தது. அவற்றை வளர்த்தே, எப்ஸ்டைனும் இவோன் பாரும் டிரினிடாட் தீவிற் பிறந்த பெர்ட் அச்சோங்கும் 1964இல் புதியதொரு வைரசைக் கண்டனர். மனிதர்க்கு வரும் புற்றுக்கும் வைரசுக்கும் தொடர்புண்டு என்பதற்கு அது முதற்சான்றாயிற்று.

அவ்வைரசை ஆராய்ந்து பயின்ற இளைஞருள் ஒருவர் ஜெர்மன் நாட்டு ஹாரால்ட் சூர் ஹவுசன். ஆப்பிரிக்கக் குழந்தைகளின் கட்டியில் ஒரு வைரஸ் ஒளிந்திருக்குமானால், பெண்களின் கருப்பை வாய்ப் புற்றிலும் ஒன்று ஒளிந்திருக்கலாம் அன்றோ? அக்காலத்தில் அறிஞர் பலர் அக்கிப் புண்ணோடு உறவுடைய ஹெர்பீஸ் வைரஸ் மீதே பழி சுமத்தினர். சூர் ஹவுசன் அதனை ஏற்கவில்லை. தோலில் மருக்களை உண்டாக்கும் பாப்பிலோமா வைரசே காரணம் என்று 1970களில் அவர் கூறியபொழுது, அவையோர் வரவேற்கவில்லை. ஆயினும் 1983இல் அவருடைய குழுவினர் அக்குடும்பத்தின் 16ஆம் வகையைப் புற்றுத் திசுவிலேயே கண்டு காட்டினர்.

அந்த ஆய்வில் ஜெர்மன் பெண்களின் திசுக்களோடு கென்யா, பிரேசில் நாட்டுப் பெண்களின் திசுக்களும் சோதிக்கப்பட்டன என்பது பலர் அறியாத செய்தி. ஜெர்மன் நாட்டுத் திசுக்கள் 18இல் 11இலும், கென்யா, பிரேசில் நாட்டுத் திசுக்கள் 23இல் 8இலும் அவ்வகை வைரஸ் இருந்தது. அடுத்த ஆண்டு 18ஆம் வகையும் பிடிபட்டது. இவ்விரண்டு வகைகளுமே கருப்பை வாய்ப் புற்றுநோயில் நூற்றுக்கு 70க்குக் காரணம் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. 2008இல் சூர் ஹவுசனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. திசு ஈந்த கென்ய நாட்டுப் பெண்டிரின் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை.

இவ்வைரஸ் ஆண் பெண் உறவினால் பரவுவது. ஆயினும் இதனை ஒழுக்கக் கேட்டின் அடையாளமாகக் கொள்வது பெரும் பிழை. மணவாழ்வு வாழும் ஆண் பெண் இருபாலாரும் பெரும்பாலும் வாழ்வில் ஒரு முறையேனும் இதனை ஏற்கின்றனர். மிகப் பலரிடத்தில் உடலே அதனை விரட்டிவிடுகிறது. நீங்காது தங்கிவிடும் சிலரிடத்தில் மட்டும் அது புற்றாக மாறுகிறது. இவ்வுண்மையை உணராமையால் எழுந்த நாணமும் பழிச்சொல்லுமே ஆப்பிரிக்காவிலும் பிற இடங்களிலும் பெண்களைச் சோதனைக்கு வரவொட்டாமல் தடுக்கும் முதற்சுவர்.

கண்ணாடித் தகடு ஏன் போதவில்லை?

பின்லாந்திற் பயன் தந்த பாப் சோதனை ஆப்பிரிக்காவில் ஏன் வேரூன்றவில்லை என்பது அடுத்து ஆராயற்பாலது. அச்சோதனை பார்வைக்கு எளியது. ஆனால் அதன் பின்னே ஒரு நீண்ட சங்கிலி உண்டு. மருத்துவமனையில் தடவிய தகடு நகரத்து ஆய்வுக்கூடத்துக்குச் செல்ல வேண்டும். அங்கே பயிற்சி பெற்ற கண்கள் அதனை நோக்க வேண்டும். முடிவு எழுத்தில் திரும்ப வேண்டும். அம்முடிவு அந்தப் பெண்ணின் சிற்றூரைத் தேடிச் செல்ல வேண்டும். அவள் மீண்டும் பல மைல் நடந்து வர வேண்டும். பின்னர் வேறொரு கருவியால் நோக்கி, துணுக்கு எடுத்து, அதன்பின் சிகிச்சை தர வேண்டும். சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தாலும் முன் செய்தவை அனைத்தும் வீணாகும். நோய்க்குறியியல் வல்லுநர் பத்து இலட்சம் மக்களுக்கு ஒருவர்கூட இல்லாத நாடுகள் பல இருந்த கண்டத்தில், கண்ணிகள் அறுவது நாள்தோறும் நிகழ்ந்தது.

போதாமைக்கு அரசின் முன்னுரிமையும் ஒரு காரணம். மலேரியா, காசநோய், மகப்பேற்று இறப்பு, பின்னர் எச்.ஐ.வி. என ஒன்றன்பின் ஒன்றாக வந்த இடர்கள் கருவூலத்தை வற்றச் செய்தன. நாற்பது வயதுப் பெண்ணொருத்தி ஐம்பதாம் வயதில் இறக்கக்கூடும் என்பதை எண்ணி இன்று பணம் ஒதுக்க எந்த அமைச்சுக்கும் மனம் வரவில்லை. தென்னாப்பிரிக்கா 2000ஆம் ஆண்டில் வகுத்த கொள்கை இந்நெருக்கடியை நன்கு காட்டும். 30 வயதில் தொடங்கிப் பத்தாண்டுக்கு ஒன்றாக, வாழ்நாளில் மூன்று சோதனைகள் மட்டுமே இலவசம் என்று அது விதித்தது. கண்டத்தின் செல்வ நாடுகளுள் ஒன்றின் நிலையே அதுவாயின், ஏனையவற்றின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

காடி நீரும் தாதியரும்

இந்த முட்டுச்சந்தில் ஒரு புதிய வழியைத் திறந்தது சமையலறைப் பொருள் ஒன்று. காடி என்றும் வினிகர் என்றும் வழங்கும் புளிப்பு நீரில் உள்ள அசிட்டிக் அமிலத்தை நீர்த்த நிலையில் கருப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், திரிந்த அணுக்கள் உள்ள இடம் வெண்மையாகத் தோன்றும். ஆய்வுக்கூடம் வேண்டா, நுண்ணோக்கி வேண்டா, நல்ல விளக்கும் பயின்ற கண்ணும் போதும். முடிவு அங்கேயே, அப்போதே தெரிந்துவிடும்.

இது நம்பத்தக்கதா என்பதைச் சிம்பாப்வே நாட்டில் 1990களின் நடுவில் பெரிய அளவில் ஆராய்ந்தனர். தலைநகர் ஹராரேயைச் சூழ்ந்த சிறு மருத்துவ நிலையங்களில் தாதியரும் மருத்துவிச்சியரும் 10,000க்கும் மேற்பட்ட பெண்களைச் சோதித்தனர். 1999இல் வெளிவந்த முடிவின்படி, கடுந்திரிபு உடையோர் நூற்றுவருள் 77 பேரைக் காடி முறை காட்டிக் கொடுத்தது. பாப் முறை 44 பேரையே காட்டியது. ஆனால் நாணயத்திற்கு மறுபக்கமும் உண்டு. நோயில்லாதவருள் மூன்றில் ஒரு பங்கினரைக் காடி முறை நோயுடையவர்போல் ஐயுற வைத்தது. வேண்டாத சிகிச்சை சிலர்க்கு நேரும் என்பதே இதன் பொருள்.

இங்கு ஓர் அறப்போராட்டம் எழுந்தது. செல்வ நாட்டுப் பெண்ணுக்கு நுண்ணோக்கி, வறிய நாட்டுப் பெண்ணுக்குக் காடி நீரா? இஃது இரண்டாந்தர மருத்துவம் அன்றோ? என்று வினவினர் ஒரு சாரார். கைக்கு எட்டாத முதல்தர மருத்துவத்திலும் கைக்கு எட்டும் எளிய மருத்துவமே உயிர் காக்கும் என விடையிறுத்தனர் மற்றொரு சாரார். இவ்வழக்கைச் சொல்லால் தீர்க்க இயலாது. சான்றால்தான் தீர்க்க இயலும்.

அச்சான்றுகளுள் முதன்மையான ஒன்று தமிழகத்திலிருந்து வந்தது. திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர்களில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வில், 30 முதல் 59 வயது வரையுள்ள ஏறத்தாழ 49,000 பெண்கள் காடிச் சோதனைக்கு அழைக்கப்பட்டனர். தாதியர் சோதித்தனர்; திரிபு கண்டவிடத்துக் குளிரால் உறைய வைத்து நீக்கினர். 2007இல் வெளியான கணக்கு, அழைக்கப்படாத ஊர்களோடு ஒப்பிடும்பொழுது இந்நோய் 25 விழுக்காடும், இதனால் நேர்ந்த இறப்பு 35 விழுக்காடும் குறைந்ததைக் காட்டியது. ஆப்பிரிக்க நாடுகள் பல இம்முறையைக் கைக்கொண்டபொழுது, திண்டுக்கல் பெண்டிர் தந்த சான்றும் அவற்றிற்குத் துணைநின்றது. கேப் டவுன் நகர்ப்புறத்தில் கறுப்பின மக்கள் வாழும் கயலிட்சாவில் லினெட் டென்னி குழுவினர் 6,500க்கும் மேற்பட்ட பெண்களிடையே நடத்திய ஆய்வோ 2005இல் இன்னொன்றைக் காட்டியது. வைரசையே தேடும் சோதனை காடிச் சோதனையினும் மேலானது. கண்டவுடன் சிகிச்சை தருவதும் தீங்கற்றது என்பதே அது. எளிய முறை ஒரு படி. அதுவே உச்சியன்று என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

இரு நோய்களின் கூட்டு

தென் ஆப்பிரிக்க நாடுகளின் துயரம் மற்றொரு காரணத்தால் பெருகியது. எச்.ஐ.வி. தொற்றிய பெண்ணின் உடலுக்குப் பாப்பிலோமா வைரசை விரட்டும் வலிமை குறைகிறது. அவளுக்குக் கருப்பை வாய்ப் புற்று வரும் வாய்ப்பு மற்றவரினும் ஆறு மடங்கு மிகுதி. பிறர்க்கு 15, 20 ஆண்டுகள் எடுக்கும் மாற்றம் அவளிடத்தில் 5 முதல் 10 ஆண்டுகளில் முற்றக்கூடும். எஸ்வாத்தினியும் சாம்பியாவும் மலாவியும் பட்டியலின் உச்சியில் நிற்பதன் மறைபொருள் இதுவே.

2003க்குப் பின் எச்.ஐ.வி. மருந்துகள் ஆப்பிரிக்காவுக்குப் பெருமளவில் வரத் தொடங்கின. சாகக் கிடந்த பெண்கள் எழுந்து நடந்தனர், பிள்ளைகளை வளர்த்தனர். ஆனால் ஒரு நோயினின்று மீட்கப்பட்டவர் மற்றொரு நோய்க்குப் பலியாயினர். இக்கொடுமையைக் கண்டு சாம்பியாவில் 2006ஆம் ஆண்டு ஒரு திட்டம் எழுந்தது. குரோஸ்பெக் பார்ஹம் என்னும் அமெரிக்க மருத்துவரும் முலிந்தி முவானாஹமுன்டு என்னும் சாம்பிய மருத்துவரும் தலைநகர் லுசாக்காவில் அதனைத் தொடங்கினர். எச்.ஐ.வி. மருத்துவம் நடைபெறும் அரசு நிலையங்களிலேயே இச்சோதனையும் நடைபெற்றது. தாதியர் காடி தடவி, கருப்பை வாயைப் படக்கருவியால் படம் பிடித்தனர். ஐயம் எழுந்தால் அப்படத்தைத் தொலைவிலுள்ள மருத்துவர் பார்த்துக் கருத்துரைத்தார்.

படத்தால் மற்றொரு நன்மையும் விளைந்தது. தன் உடலின் அப்பகுதியை வாழ்நாளில் என்றும் கண்டிராத பெண், தாதி காட்டிய படத்தில் அதனைக் கண்டாள். வெண்மை படர்ந்த இடத்தைத் தானே கண்டு, சிகிச்சைக்குத் தானே உடன்பட்டாள். 2013 முடியுமுன் 100,000க்கும் மேற்பட்ட பெண்கள் அத்திட்டத்திற் சோதனை பெற்றனர். மருத்துவர் குறைந்த நாட்டில் தாதியரே ஒரு பெரும்பணியை முன்னின்று நடத்த இயலும் என்பதற்குச் சாம்பியா சான்றாயிற்று.

ருவாண்டாவின் துணிவு

நோய்முதல் தெரிந்தபின் தடுப்பூசி எழுவது இயல்பு. ஆஸ்திரேலியாவில் இயன் பிரேசரும் சீன நாட்டு ஜியான் ஜோவும் 1991இல் வைரசின் மேலுறையை மட்டும் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினர். உள்ளீடற்ற அவ்வுறையே ஊசிமருந்துக்கு அடிப்படை ஆயிற்று. 2006இல் தடுப்பூசி விற்பனைக்கு வந்தது. ஆனால் அமெரிக்காவில் ஒரு முறைக்கே 100 டாலருக்கு மேல் விலை; மூன்று முறை போட வேண்டும். ஆப்பிரிக்க நாடுகள் அதனை எட்டி நின்று பார்க்கவே இயன்றது.

அந்நிலையில் துணிந்து முன்வந்தது ருவாண்டா. 1994இல் இனப்படுகொலையால் சிதைந்த அச்சிறு நாடு, 2011இல் ஆப்பிரிக்காவிலேயே முதலாவதாக நாடு தழுவிய பாப்பிலோமா தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது. முதல் மூன்றாண்டு மருந்தை உற்பத்தி நிறுவனம் நன்கொடையாக அளித்தது. ஏழை நாட்டுக்கு இதனினும் இன்றியமையாத தேவைகள் உண்டென்றும், நிறுவனம் தன் சந்தையைப் பெருக்கவே இவ்வாறு செய்கிறதென்றும் ஐரோப்பாவில் குறை கூறியோர் இருந்தனர். எம் பெண்களின் உயிருக்கு முன்னுரிமை தருவதை எமக்குப் பிறர் கற்பிக்க வேண்டா என்னும் கருத்தில் ருவாண்டா உறுதியாக நின்றது.

சொல்லினும் செயல் சிறந்தது. தொடக்கப்பள்ளியின் ஆறாம் வகுப்பு மாணவியர்க்குப் பள்ளியிலேயே ஊசி போடப்பட்டது. பள்ளிக்கு வாராத சிறுமியரைச் சிற்றூர்ச் சுகாதாரத் தொண்டர்கள் வீடு வீடாகத் தேடிச் சென்றனர். முதலாண்டிலேயே மூன்று தவணையும் பெற்றோர் 93 விழுக்காட்டினர். செல்வ நாடுகள் பலவும் அன்று எட்டாத அளவு அது. 2013இல் கவி என்னும் உலகத் தடுப்பூசிக் கூட்டமைப்பு வறிய நாடுகளுக்கு ஒரு தவணையின் விலையை 4.50 டாலராகக் குறைத்துப் பெற்றது. கதவு மேலும் திறந்தது.

அடுத்த திறவுகோலும் ஆப்பிரிக்காவிலேயே கிடைத்தது. கென்யாவில் 15 முதல் 20 வயது வரையுள்ள 2,275 பெண்களிடையே நடந்த ஆய்வு, ஒரே ஒரு தவணை ஊசியே 16, 18 ஆகிய வகைகளின் தொற்றை 97 விழுக்காட்டிற்கு மேல் தடுப்பதை 2022இல் காட்டியது. தான்சானியாவின் முவான்சா நகரில் 930 சிறுமியரிடையே நடந்த ஆய்வும் அதற்கு அரண் செய்தது. அவ்வாண்டின் இறுதியில் உலகச் சுகாதார நிறுவனம் ஒரு தவணை முறையை ஏற்றுக்கொண்டது. செலவும் உழைப்பும் ஒருசேரக் குறைந்தன. மக்கள்தொகை மிக்க நைஜீரியா 2023 அக்டோபரில் 77 இலட்சம் சிறுமியரை இலக்காகக் கொண்டு இம்முறையைத் தொடங்கியது.

மூன்றாம் வாயில்

தடுத்தலும் முன்னறிதலும் முதலிரு வாயில்கள். சிகிச்சை மூன்றாம் வாயில். அது பெரும்பாலும் அடைபட்டே கிடக்கிறது. முற்றிய கருப்பை வாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சு மருத்துவம் இன்றியமையாதது. 2022ஆம் ஆண்டிலும் ஆப்பிரிக்காவின் 20க்கும் மேற்பட்ட நாடுகளில் அதற்குரிய கருவி ஒன்றுகூட இல்லை. கருவி இருந்த நாடுகளிலும் அது ஒற்றைத் தூணில் நின்ற மண்டபமாகவே இருந்தது. உகாண்டா முழுமைக்கும் கம்பாலாவின் முலாகோவில் ஒரே கருவி இருந்தது. 1995இல் நிறுவப்பட்ட அது 2016 ஏப்ரலில் அடியோடு பழுதாயிற்று. நோயாளர் சிலர் நைரோபிக்கு அனுப்பப்பட்டனர். செல்ல இயலாதோர் காத்திருந்தனர். புதிய கருவி செயற்பட 2018 வரை பொறுக்க வேண்டியதாயிற்று. புற்றுநோய்க்குக் காத்திருக்கும் வழக்கமில்லை.

முன்னறி சோதனையின் நிலையும் நிறைவுடையதன்று. சகாராப் பாலைக்குத் தெற்கேயுள்ள நாடுகளில், சோதனைக்குரிய வயதுப் பெண்களுள் வாழ்நாளில் ஒரு முறையேனும் சோதிக்கப்பட்டோர் சராசரியாக நூற்றுக்கு 17 பேரே என்று 2020இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று கூறியது. நோய் தொடக்கத்தில் வலிப்பதில்லை. வலியில்லாதவள் ஒரு நாள் கூலியை இழந்து மருத்துவமனைக்குச் செல்வதில்லை. வலி வந்தபின் செல்பவளுக்குக் காலம் கடந்துவிடுகிறது.

இக்குறையைப் போக்கும் வழியாக, 2021 முதல் உலகச் சுகாதார நிறுவனம் வைரசைத் தேடும் சோதனையையே முதற்கண் பரிந்துரைத்து வருகிறது. பொதுவாக 30 வயது முதலும், எச்.ஐ.வி. உடையோர்க்கு 25 வயது முதலும் அது தொடங்கும். இச்சோதனைக்கு வேண்டிய மாதிரியைப் பெண் தானே எடுத்துத் தரலாம். நாணம் என்னும் சுவருக்கு இது ஒரு சாளரம். குளிர்ச் சிகிச்சைக்குக் கனத்த வாயு உருளைகளைச் சிற்றூர்க்குச் சுமந்து செல்லும் இடரும், கையடக்கமான வெப்பக் கருவிகள் வந்தமையால் குறைந்துவருகிறது.

எஞ்சி நிற்கும் கடன்

உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநராக அமர்ந்த முதல் ஆப்பிரிக்கர், எத்தியோப்பிய நாட்டு டெட்ரோஸ். இந்நோயை உலகினின்று ஒழிக்க வேண்டுமென்று 2018 மே மாதத்தில் அவர் அறைகூவல் விடுத்தார். 2020 நவம்பர் 17ஆம் நாள் அதற்குரிய திட்டம் வெளியாயிற்று. 2030க்குள் 15 வயதை எட்டும் சிறுமியருள் 90 விழுக்காட்டினர் தடுப்பூசி பெற வேண்டும். பெண்களுள் 70 விழுக்காட்டினர் 35 வயதுக்குள் ஒரு முறையும் 45 வயதுக்குள் மறுமுறையும் தக்க சோதனை பெற வேண்டும். நோய் கண்டவருள் 90 விழுக்காட்டினர் சிகிச்சை பெற வேண்டும் என்பன அதன் மூன்று இலக்குகள். 100,000 பெண்களுள் ஆண்டுக்கு நால்வருக்கும் குறைவாக நோய் இறங்கினால் அது ஒழிந்ததாகக் கொள்ளப்படும். எஸ்வாத்தினியின் 90க்கும் இந்த நான்குக்கும் இடையேயுள்ள தொலைவே ஆப்பிரிக்கா நடக்க வேண்டிய தொலைவு.

இன்று ஊசி பெறும் பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு அதன் முழுப்பயன் நாற்பதாம் வயதிலேதான் விளங்கும். அதுவரை, ஊசியின் காலத்துக்கு முன் பிறந்துவிட்ட அவள் தாயையும் தாயின் தமக்கையரையும் காப்பது முன்னறி சோதனை ஒன்றே. ஊசியைக் கொண்டாடிச் சோதனையை மறந்தால் ஒரு தலைமுறைப் பெண்டிர் முழுதும் கைவிடப்பட்டவர் ஆவர். இதனைக் கருத்திற் கொள்ளாத திட்டம் பாதித் திட்டமே.

மெங்கோவின் ஏடுகளும், கம்பாலாவின் துணுக்குகளும், கென்யப் பெண்டிரின் திசுக்களும், ஹராரே தாதியரின் கூர்ந்த பார்வையும், கென்ய, தான்சானிய நங்கையர் ஆய்வுக்கு ஈந்த இசைவும் சேர்ந்தே இந்நோயை வெல்லும் அறிவை உலகுக்கு உருவாக்கின. அவ்வறிவால் பின்லாந்துப் பெண் பிழைத்தாள். கனடியப் பெண் பிழைத்தாள். கம்பாலாப் பெண்ணும் பிழைக்கும் நாளில்தான் அக்கடன் தீர்ந்ததாகும்.